கயிறு கட்டிக் கொடுத்த ஐயாவுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

வீட்டுக்கு வந்து இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. திண்ணையில் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பாதி நானே தட்டுகிறேன், கை ஓய்ந்துபோனால் நான் சொல்லச் சொல்ல என் மனைவி தட்டுகிறாள். அன்று ஜல்லிக்கட்டில், மாடு வெளியே வருகிற வாடிவாசல் முன்னால், ஒரு மாடு என் வயிற்றில் குத்தியது எப்படி என்று திரும்பச் சொல்லப் போவதில்லை. வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். நான் இன்னும் பார்க்கவில்லை, பார்க்க மனசு வரவில்லை.

முதலில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்த மாட்டையும் அதை வளர்த்தவரையும் யாரும் திட்டி எழுத வேண்டாம். அது நின்று விளையாடுகிற மாடு. வாடியை விட்டு வந்ததும் ஓடிப் போகாமல் நின்று திரும்பிப் பார்க்கும், அப்படி நிற்கட்டும் என்றுதான் கன்றிலிருந்து பருத்திக்கொட்டையும் உளுந்துத் தூசியும் வைத்து, மண்ணைக் குத்த விட்டு, குளத்தில் நீந்த விட்டுப் பழக்கியிருக்கிறார். மாடு மாடாக நடந்துகொண்டது, நான் கால் வைத்த இடம் அரை அடி தப்பு. மாட்டுக்காரர் மூன்று தடவை ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். முதல் தடவை வந்தபோது எதுவும் பேச முடியாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். அண்ணே, உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மாட்டை விற்கப் போவதாகச் சொன்னீர்களாம், விற்காதீர்கள்.

2010 தையில் பாலமேட்டில் முதன்முதலாக இறங்கினேன், அப்போது எனக்கு வயசு 19. அன்று ஒரு மாட்டைக்கூடத் தொடவில்லை. கோயில் காளை வந்தபோது எல்லோரும் ஒதுங்கிக் கும்பிட்டதைப் பார்த்து நானும் கும்பிட்டேன், அதற்கப்புறம் வந்த மாடெல்லாம் எனக்குக் காற்று மாதிரிப் போனது. அடுத்த வருஷம்தான் ஒரு திமிலை அணைந்தேன். வால் பிடிக்கக் கூடாது, கொம்பு பிடிக்கக் கூடாது, ஒருத்தன்தான் அணைய வேண்டும், மூன்று துள்ளலுக்கோ கோடு வரைக்குமோ விடக் கூடாது. கேட்கச் சின்ன விஷயம். உள்ளே நின்றால் அந்த மூன்று துள்ளல் ஒரு வருஷம் மாதிரி இருக்கும். வருஷம் முழுக்க சென்ட்ரிங் வேலை, தை பிறந்தால் வைகாசி வரைக்கும் அவனியாபுரம், அலங்காநல்லூர், சிராவயல் மஞ்சுவிரட்டு, விராலிமலை என்று களத்தில் இறங்க டோக்கன் கிடைத்த இடமெல்லாம் ஓட்டம். நடுவே கோர்ட் தடையால் 2015, 2016 இரண்டு வருஷம் வாடி திறக்கவே இல்லை. 2017 ஜனவரியில் தடையை எடுக்கச் சொல்லி அலங்காநல்லூரில் ராத்திரி பகலாக ரோட்டில் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருத்தன். அந்தப் பனியில் யார் வீட்டுச் சோறு என்று தெரியாமல் சாப்பிட்டோம். பிப்ரவரியில் வாடி திறந்தபோது மாடு பிடிக்கத் தோன்றவில்லை, நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இத்தனை வருஷத்தில் பரிசாக வீட்டுக்கு வந்தவை நாலு சைக்கிள், இரண்டு பீரோ, ஒரு கட்டில், கொஞ்சம் வெள்ளிக்காசு, எண்ண முடியாத அண்டா குண்டா. கார் வாங்கியதில்லை. அதற்காக வருத்தமும் பட்டதில்லை.

சரி, நன்றி சொல்ல வந்தேன். என்னைத் தூக்கிய தம்பிகள் யாரும் என் ஊர் இல்லை, அடுத்த சுற்றுக்காக வேறு கலர் பனியனில் நின்றவர்கள். அதில் ஒரு தம்பி தன் பனியனைக் கழற்றி என் வயிற்றில் வைத்து அமுக்கிக்கொண்டே ஆம்புலன்ஸ் வரை வந்தான், அதோடு அன்றைக்கு அவன் விளையாட்டு முடிந்துபோனது. 108இல் வந்த அண்ணன், அக்கா, ராத்திரி முழுக்க நின்று ஆபரேஷன் செய்த டாக்டர்கள், கடிந்துகொண்டே கவனித்த சிஸ்டர்கள், வார்டைக் கூட்டித் துடைத்த அம்மாக்கள், வாரக்கூலியைப் பிடிக்காமல் வீட்டில் கொண்டுவந்து கொடுத்த மேஸ்திரி, உண்டியல் குலுக்கிய பள்ளிக்கூடப் பிள்ளைகள், என் மாடு பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொண்ட மச்சான், வெளிநாட்டிலிருந்து பணம் போட்டுவிட்டுப் பேர்கூடப் போடாதவர்கள், எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். எனக்கு ஏழு யூனிட் ரத்தம் ஏறியிருக்கிறது. அந்த ஏழு பேர் யார் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வராது. உங்கள் ஒவ்வொருத்தர் பேரையும் தனித்தனியாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் மனசு திரும்பத் திரும்ப ஒரு ஆளிடமே போகிறது, கோவிக்காதீர்கள்.

அவர் பக்கத்துக் கட்டில் பையனின் தாத்தா. பைக்கில் விழுந்து கால் உடைந்து கிடந்த பேரனுக்குத் துணைக்கு வந்தவர். எழுபதுக்கு மேல் இருக்கும், ஒல்லியான உடம்பு. கை மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் அவ்வளவு பெரிசு, உள்ளங்கை காய்த்துப்போய் மரப்பட்டை மாதிரி இருந்தது.

ஆபரேஷன் ஆன மூன்றாம் நாள், எழுந்து உட்கார வேண்டும், படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டிக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என்னால் முடியவில்லை. தலையைத் தூக்கினாலே வயிற்றுத் தையல் அத்தனையும் பிரிவது மாதிரி இழுத்தது. இரண்டு பேர் தோளைப் பிடித்துத் தூக்கினால் அதைவிட வலி, அவர்கள் தூக்குகிற வேகமும் என் மூச்சும் சேரவில்லை. நான்கூட எத்தனையோ பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், விழுந்தால் எழுந்திருக்காதே, குப்புறப் படு, தலையைக் கையால் மூடிக்கொண்டு அசையாமல் கிட, மாடு தாண்டிப் போய்விடும் என்று. அங்கே கட்டிலிலும் அப்படியே கிடந்துவிடலாம் போலத்தான் இருந்தது. இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மகள் வந்தபோதுகூடச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்று மத்தியானம் அந்த ஐயா தன் பையிலிருந்து ஒரு பழைய வேட்டியை எடுத்தார். கரையைப் பல்லால் கடித்து, நீளவாக்கில் மூன்றாகக் கிழித்தார். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, மூன்று முனையையும் சேர்த்துக் கட்டிக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, மூன்று புரியாகப் பின்ன ஆரம்பித்தார். பேரனுக்கு ஏதோ செய்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னி முடித்ததும் சாணுக்கு ஒன்றாக ஆறு முடிச்சுப் போட்டார், ஒவ்வொரு முடிச்சையும் எச்சில் தொட்டு இறுக்கினார். அப்புறம் எழுந்து வந்து, ஒரு வார்த்தை கேட்காமல், என் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியில் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

“ஒருத்தர் தூக்குனா வலிக்கும் சாமி. நீயா புடிச்சு எந்திரி. மூச்ச அடக்காத, விட்டுக்கிட்டே இழு. ஒரு முடிச்சு தாண்டுனா போதும், இன்னைக்கு அம்புட்டுத்தான்.”

சிஸ்டர் வந்து என்ன இது என்று கேட்டார், டாக்டரையும் கூட்டி வந்தார். டாக்டர் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு, ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு மெதுவாக எழுந்தால் சரி என்று சொல்லிவிட்டார். அன்று ஒரு முடிச்சு தாண்டினேன். மறுநாள் இரண்டு. நாலாவது முடிச்சில் கை வைத்த அன்று என் முதுகு கட்டிலை விட்டுப் பிரிந்திருந்தது, எதிர்ச் சுவர் ஜன்னல் வழியாக வேப்பமரம் தெரிந்தது. அந்த வார்டில் வேப்பமரம் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அவருக்கு நான் யார் என்று தெரியாது. பசங்க மாலையும் பழமுமாக வந்து செல்பி எடுத்த பிறகுதான் தெரிந்தது, தெரிந்தும் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அவர் பேச்சைக் கேட்டதில் நான் தெரிந்துகொண்டது, மணப்பாறைச் சந்தையில் வெகுகாலமாக மாட்டுக் கயிறு விற்கிறவர். தும்பு, மூக்கணாங்கயிறு, கழுத்துச் சலங்கை எல்லாம். கட்டில் கம்பியில் அவர் போட்ட முடிச்சை ஒரு நாள் எனக்கு அவிழ்த்துக் காட்டினார். “இது மாட்டுக்குப் போடுறதுதான். இழுக்க இழுக்க இறுகும். ஆனா மாடு இடறி விழுந்துட்டா ஒத்தக் கையால உருவிறலாம், கழுத்துச் சுருக்கிச் செத்துறக் கூடாதுல்ல.” நானும் மாடு வளர்க்கிறவன்தான், அந்த முடிச்சைத் தினமும் போடுகிறவன்தான், அதை இப்படி நினைத்துப் பார்த்ததில்லை.

இன்னொன்றும் செய்தார். எனக்குக் கொஞ்சம் தெம்பு வர வர, நான் தூங்கும்போது ஒரு முடிச்சை அவிழ்த்துவிடுவார். காலையில் கை தேடிப் போகும், முடிச்சு இருக்காது, அடுத்த முடிச்சு வரைக்கும் வெறும் கயிற்றைப் பிடித்து எழ வேண்டியிருக்கும். கேட்டால் சிரிப்பார். ஆறு ஐந்தாகி, நாலாகி, மூன்றானது. ஒரு நாள் என்னை ஸ்கேனுக்குக் கூட்டிப் போனார்கள், திரும்பி வந்து பார்த்தால் பக்கத்துக் கட்டிலில் புதிதாக ஒருவர் படுத்திருக்கிறார். பேரனை டிஸ்சார்ஜ் செய்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். பேர் கேட்டு வைக்கவில்லை, ஐயா ஐயா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன், போன் நம்பரும் வாங்கவில்லை. கயிற்றில் ஒரே ஒரு முடிச்சு மட்டும் இருந்தது.

வாடிக்குள் இனி இறங்க மாட்டேன். யாரும் கேட்டு வாங்கிய சத்தியம் இல்லை, என் மகள் தலையில் கை வைத்து நானாகச் சொன்னது. ஆனால் வாடியை விட்டுப் போகவும் மாட்டேன், எனக்கு அதைத் தவிர வேறு பள்ளிக்கூடம் இல்லை. எங்கள் ஊர்ப் பையன்களைச் சேர்த்து உட்காரவைத்துச் சொல்லப் போகிறேன்: மெடிக்கல் செக்கப்பில் அடிபட்டதை மறைக்காதே, டோக்கன் கிடைக்கவில்லை என்றால் வேலி ஏறிக் குதிக்காதே, வாலைத் தொடாதே. எப்படி விழுவது என்று சொல்லிக் கொடுப்பேன், விழுந்தவனை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதையும் இனிமேல் சேர்த்துச் சொல்லிக் கொடுப்பேன், அதை இத்தனை வருஷம் நான் யாருக்கும் சொன்னதில்லை. ரத்தம் ஏறியவர்கள் ஒரு வருஷத்துக்குக் கொடுக்கக் கூடாதாம். அந்த ஒரு வருஷம் முடிகிற நாளைக் காலண்டரில் குறித்து வைத்துவிட்டேன், ஏழு யூனிட்டையும் திருப்பிக் கொடுக்காமல் விட மாட்டேன்.

மணப்பாறைப் பக்கம் இருக்கிறவர்கள், சந்தைக்குப் போகிறவர்கள், மாடு பிடித்துவிட்டு வரும் வழியில் கயிறு வாங்குகிறவர்கள் இதைப் படித்தால் ஒரு உதவி செய்யுங்கள். ஒல்லியான ஆள், பெரிய கை, பேரனுக்கு இடது காலில் கட்டு. எங்கேயாவது பார்த்தால், அந்தக் கட்டில்காரன் தேடுகிறான் என்று சொல்லுங்கள். பஸ்ஸில் போக டாக்டர் இன்னும் ஒன்றரை மாசம் ஆகட்டும் என்றிருக்கிறார், அதற்கப்புறம் நானே சந்தைக்கு வந்து கடை கடையாகத் தேடுவேன். ஐயா, கயிற்றை இப்போது எங்கள் வீட்டுக் கட்டிலில் கட்டியிருக்கிறேன். கடைசி முடிச்சை நேற்று நானே அவிழ்த்துவிட்டேன்.