மாத்திரை வருவதற்கு முன்பே நடக்கும் வேலை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் கண்ணைக் காக்கும் ஆன்டி-ஆக்சிடன்ட் (ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும்) மாத்திரைகளை எல்லோரும் சாப்பிடலாம் என்று சொல்லும் கட்டுரையைப் படித்தேன். எளிமையாகத்தான் இருந்தது. ஆனால் படித்து முடித்ததும், விழித்திரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பது போலவும், மாத்திரை வந்துதான் அதைக் காப்பாற்ற வேண்டும் என்பது போலவும் தோன்றிவிடுகிறது. அங்குதான் எனக்கு உடன்பாடில்லை.

விழித்திரைக்கு அடியில் இருக்கும் நிறமிப் படலச் செல்களை ஆய்வகத்தில் வளர்ப்பது என் வேலை. தட்டில் அவை கல் பாவிய தரை போல நெருக்கமாக ஒட்டிக் கிடக்கும். செல்லை ஆக்சிஜனேற்றத்தால் சிதைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொஞ்சம் விட்டுப் பார்த்தால் சமாளித்துவிடும். அதே செல்களில் குளுட்டதயோன் என்ற பாதுகாப்புப் பொருள் உருவாகாமல் தடுத்துவிட்டு, அதே அளவு பெராக்சைடை விட்டால் கதையே வேறு. சுருங்கி, உருண்டு, தட்டிலிருந்து கழன்று மிதக்க ஆரம்பிக்கும்.

அந்தக் குளுட்டதயோன் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. குளுட்டமேட், சிஸ்டீன், கிளைசின் என்ற மூன்று அமினோ அமிலங்களைக் கோத்து செல் தானே செய்துகொள்ளும் பொருள் அது. பெராக்சைடைத் தண்ணீராக மாற்றிவிட்டு, தான் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடும். அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர என்ஏடிபிஎச் என்ற துணை மூலக்கூறு வேண்டும். அதில் பெரும்பங்கு குளுக்கோஸ் சிதையும் பாதை ஒன்றிலிருந்து கிடைக்கிறது. ஆக, செல் சர்க்கரையை எப்படிச் செலவழிக்கிறது என்பதிலேயே பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது.

விழித்திரைக்கு இது ஏன் இவ்வளவு அவசியம் என்றால், உடலில் ஆக்சிஜனை மிக அதிகமாகச் செலவழிக்கும் திசுக்களில் அதுவும் ஒன்று. போதாததற்கு நாள் முழுக்க வெளிச்சம். ஒளியுணர் செல்களின் சவ்விலோ எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் டிஎச்ஏ கொழுப்பு நிறைந்திருக்கிறது. அந்தச் செல்கள் தம் வெளிமுனையில் சுமார் பத்தில் ஒரு பங்கைத் தினமும் உதிர்க்கின்றன. நிறமிப் படலச் செல்கள் அதை விழுங்கிச் செரிக்கின்றன.

டாரின் என்ற இன்னொரு பொருளையும் சொல்லியிருக்கலாம். விழித்திரையில் அது ஏராளமாக இருக்கிறது. டாரின் இல்லாத உணவில் வளர்த்த பூனைகளுக்கு விழித்திரை சிதைந்ததை 1975-லேயே கண்டறிந்தார்கள். (பூனைக்கு அதைத் தேவையான அளவு உடலில் செய்துகொள்ளத் தெரியாது, பாவம்.)

அப்புறம், மாத்திரை வீண் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்க தேசியக் கண் நிறுவனத்தின் 2001 ஆய்வில், இத்தகைய கலவை மாத்திரையைச் சாப்பிட்டவர்களில், மாக்குலா (விழித்திரையின் மையப் பகுதி) சிதைவு நடுத்தர நிலையை எட்டியவர்களுக்கு அது முற்றும் அபாயம் சுமார் 25 சதவீதம் குறைந்தது. ஆரம்ப நிலையில் இருந்தவர்களுக்குப் பலன் தெரியவில்லை. "எல்லோரும் சாப்பிடலாம்" என்று கட்டுரை சொல்வது இதிலிருந்து வரவே வராது. அந்தக் கலவையில் இருந்த பீட்டா கரோட்டின் புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் என்பதால், 2013-ல் வெளியான அடுத்த ஆய்வுக்குப் பிறகு லூட்டின், ஜியாக்சாந்தின் என்ற நிறமிகள் அதன் இடத்துக்கு வந்தன.

மாத்திரைக்கு அரைப் பக்கம் ஒதுக்கியவர், சிகரெட் விழித்திரையை என்ன செய்யும் என்பதற்கும் நாலு வரி ஒதுக்கியிருக்கலாம். அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தமாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
உயிர்வேதியியல் ஆய்வு மாணவி ஒருத்தி