கடக்கரை ஊருக்கு வர்ற நர்சக்காமாருக்கு ஒரு மடல்

நர்சக்காமாருக்கு வணக்கம். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டின்னு வெயில்ல பைய தூக்கிட்டு வீடு வீடா வர்ற உங்களுக்குத்தான் இத எழுதுறேன், கலெக்டருக்கோ பெரிய டாக்டருக்கோ இல்ல. புள்ள பொறந்த வீட்டுல அடுப்படி வரைக்கும் வந்து மாமியாகிட்ட சத்தம் போடுற உரிமை உள்ள ஒரே கவர்மெண்ட் ஆளு நீங்கதான்.

விஷயம் ஒண்ணுதான். வந்தா எடை கேக்குறீங்க, பால் குடிக்குதான்னு கேக்குறீங்க, தடுப்பூசி தேதி பாக்குறீங்க. குறைமாசத்துப் புள்ளயா இருந்தா கூடவே "கண்ணு ரெட்டினா பாத்தாச்சா"ன்னும் கேளுங்க. ரெட்டினான்னா கண்ணுக்குள்ள பின்பக்கம் இருக்குற, வெளிச்சத்த வாங்குற மெல்லிசு திரை.

என் மகனுக்கு இப்ப அஞ்சு வயசு. 30 வாரத்துல 1300 கிராம்ல பொறந்தான். ஒரு கண்ணுல வெளிச்சம் மட்டும்தான் தெரியும், இன்னொரு கண்ணு மதுரையில லேசர் வச்சு தப்பிச்சது, அதுக்கும் தடிச்ச மைனஸ் கண்ணாடி. டிஸ்சார்ஜ் பண்ணும்போது சொட்டு மருந்து எப்படி கொடுக்கணும், எப்படி நெஞ்சோட அணைச்சு வச்சுக்கணும்னு எல்லாம் பொறுமையாத்தான் சொல்லிக்கொடுத்தாங்க, கண்ண பத்தி மட்டும் சீட்டுக்கு அடியில இங்கிலீஷ்ல ஒரு வரி, அத யாரும் வாய்விட்டு சொல்லல. எந்த ஆஸ்பத்திரின்னு இங்க சொல்ல வரல, திட்டுறதுக்கு எழுதல இத.

எம்புள்ள கண்ண கெடுத்த வியாதிக்கு ஆர்.ஓ.பி.னு பேரு, குறைமாசத்துப் புள்ளைக்கு ரெட்டினாவுல வர்ற வியாதி. வயித்துல நாலாவது மாசம் போல ரெட்டினாவுல ரத்தக்குழாய் வளர ஆரம்பிச்சு நிறைமாசத்துலதான் ஓரம் வரைக்கும் போய் முடியுமாம். முன்னாடியே பொறந்துட்டா அது பாதியில நின்னுரும், அப்புறம் தாறுமாறா மொளச்சு ரெட்டினாவையே இழுத்து பிச்சிரும். அளவுக்கு மீறி ஆக்சிஜன் போனாலும் இது கூடும், ஆனா ஆக்சிஜன் வைக்கலன்னா எம்புள்ள உசிரே இருந்திருக்காது, அதனால "காத்து வச்சுத்தான் கண்ண கெடுத்தாங்க"ன்னு தெருவுல பேசுனா நீங்களாச்சும் அடக்குங்க. ரொம்ப மோசமான விஷயம், வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியாது. புள்ள முழிக்கும், கண்ண உருட்டும், டார்ச் அடிச்சா சுருக்கும். கண்ணுமணி வெள்ளையா தெரியிற அன்னைக்கு அநேகமா கதை முடிஞ்சிருக்கும்.

34 வாரத்துக்கு முன்னாடி பொறந்தாலோ 2 கிலோவுக்கு கொறைஞ்சாலோ பொறந்த 30 நாளுக்குள்ள பாக்கணும், 28 வாரத்துக்கும் முன்னாடி, இல்ல 1200 கிராமுக்கும் கீழன்னா ரெண்டு மூணு வாரத்துலயே பாக்கணும். கவர்மெண்ட் விதியே இதுதான், உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்.

ஆனா நம்ம ஊருல 30 நாள்ங்கிறது 40 நாளுக்குள்ள விழுதே அக்கா! இந்து வீடோ துலுக்க வீடோ வேதக்கார வீடோ, நாப்பது கழியாம பச்ச ஒடம்புக்காரியும் புள்ளயும் வாசப்படி தாண்டக்கூடாது. அதுலயும் கையளவு புள்ளய கடக்காத்துல தூக்கிட்டு பஸ்ஸேறி மதுரைக்கு போறேன்னா வீட்டுல விடுவாங்களா, "எடை ஏறட்டும், பொறவு போவோம்"பாங்க. பாசத்துல சொல்றதுதான். ஆனா எடை ஏறுற அந்த நாள்லதான் கண்ணு போகுது. மருமக சொன்னா எடுபடாது, நீங்க சொன்னா எடுபடும், அதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

இன்னொண்ணு, கார்டுல இருக்குற போன் நம்பர் பாதி வீட்டுல அப்பன்காரன் நம்பர். ஆஸ்பத்திரியில இருந்து போன் போட்டா அவரு படகுல இருப்பாரு, டவர் கெடைக்காது. புள்ளக்காரி ஆத்தா வீட்டுக்கு தொண்டிப் பக்கம் போயிருப்பா, மண்டபத்து நர்சு "இங்க இல்ல"ன்னு எழுதுவாங்க, தொண்டி நர்சுக்கு அப்படி ஒரு புள்ள வந்ததே தெரியாது. தயவு செஞ்சு பொம்பள நம்பரையும் வாங்குங்க, போற ஊரு நர்சுக்கு ஒரு வாட்ஸ்அப் போட்டு விடுங்க.

செக்கப்ப பத்தியும் முன்னாடியே சொல்லி வைங்க. சொட்டு மருந்து விட்டு கண்ணுமணிய விரிய வைப்பாங்க, சின்ன கம்பி கிளிப் போட்டு இமைய பிடிப்பாங்க, புள்ள வீல்னு கத்தும், பாத்தா ஈரக்கொல நடுங்கும். ஆனா கொஞ்ச நேரந்தான். வாந்தி எடுக்காம இருக்க அதுக்கு சித்த முன்ன பால் கொடுக்கக்கூடாது. ஒரு தடவ பாத்து "நல்லாருக்கு"ன்னு சொல்லிட்டா முடிஞ்சிருச்சுன்னு விட்டுறக்கூடாது, ரத்தக்குழாய் முழுசா வளர்ற வரைக்கும் வாரத்துக்கு ஒருக்கா, ரெண்டு வாரத்துக்கு ஒருக்கான்னு கூப்புடுவாங்க. லேசர்னு சொல்லிட்டா ரெண்டு மூணு நாளுக்குள்ள வச்சாகணும், திருவிழா முடியட்டும், மீன்பிடி தடைகாலம் முடிஞ்சு கையில காசு வரட்டும்னு தள்ளுனா போச்சு.

1996ல சென்னையில ஒரு அரசு ஆஸ்பத்திரியில 29 வாரத்துல, 1250 கிராம்ல பொறந்த பொம்பளப்புள்ளைக்கு இந்த செக்கப்ப யாரும் சொல்லாம விட்டு ரெண்டு கண்ணும் போச்சு, 2015ல சுப்ரீம் கோர்ட் 1.8 கோடி ரூவா கொடுக்கச் சொல்லி தீர்ப்பு சொல்லுச்சு. 19 வருஷம் அந்த அப்பா அம்மா அலைஞ்சத நெனச்சா எனக்கு அந்த காசு பெருசா தெரியல.

எம்மவன் நல்லாத்தான் இருக்கான். கடக்காத்துக்கு கண்ணாடியில உப்பு படிஞ்சுக்கிட்டே இருக்கும், துணிய நனைச்சுதான் தொடைக்கணும், காஞ்ச துணின்னா கீறல் விழுந்துரும். ரெட்டினா பின்னாளுலயும் பிரியலாம்னு வருஷா வருஷம் காட்டச் சொல்லியிருக்காங்க. அங்கன்வாடியில முன்னாடி ஒக்கார வைக்கிறாங்க, அந்த டீச்சருக்கு ஒரு கும்பிடு.

உங்க மாச மீட்டிங்ல யாராச்சும் ஒரு அக்கா எந்திரிச்சு, குறைமாசத்துப் புள்ள இருக்குற வீட்டுக்கு கண்ணு பாக்க வேண்டிய தேதிய தமிழ்ல பெருசா எழுதி ஒட்டிட்டு வரட்டுமான்னு கேளுங்க. நாங்க போய் கேட்டா மனு எழுதிட்டு திங்கக்கெழம வாம்பாங்க.

இப்படிக்கு,
தங்கச்சிமடம் பக்கத்துல இருந்து ஒரு புள்ளக்காரி