‘1930-களின் அசல்’ என்று விற்ற மூன்று கண்ணாடிப் பாத்திரங்கள் பற்றிய புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: தவறான விவரத்துடன் விற்ற பாத்திரங்களைத் திரும்பப் பெற்று முழுப் பணத்தையும் தரக் கோருவது

ஐயா / அம்மா,

உங்கள் கடையிலிருந்து வந்த மூன்று பாத்திரங்களையும் ‘1930-களின் அசல் டிப்ரெஷன் கிளாஸ்’, அதாவது அமெரிக்கப் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அச்சில் வார்த்த மலிவான வண்ணக் கண்ணாடி, என்றே விற்றீர்கள். இரண்டு அசலே இல்லை. மூன்றாவது அசல்தான், ஆனால் கெட்டுப்போனது.

முதலாவது, மூடி போட்ட இளஞ்சிவப்பு ‘மாட்ரிட்’ வெண்ணெய்ப் பாத்திரம். மாட்ரிட் வடிவத்தை ஒஹாயோ மாநிலம் கொலம்பஸில் இருந்த ஃபெடரல் கிளாஸ் நிறுவனம் 1932 முதல் 1939 வரை தயாரித்தது. அம்பர் (தேன் நிறம்), பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் எல்லாம் உண்டு. ஆனால் எல்லாப் பாத்திரமும் எல்லா நிறத்திலும் வரவில்லை. அந்தக் காலத்தில் இளஞ்சிவப்பு வெண்ணெய்ப் பாத்திரம் கிடையாது. நிறத்தைப் பார்த்ததுமே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

1976-ல், அமெரிக்க விடுதலையின் 200-ஆம் ஆண்டை ஒட்டி, ஃபெடரல் இதே வடிவத்தை ‘ரீகலெக்‌ஷன்’ என்ற பெயரில் அம்பரில் மறுபடி கொண்டுவந்தது. யாரும் ஏமாறக் கூடாதென்று வேலைப்பாட்டுக்குள்ளேயே ‘76’ என்று பொறித்தது. 1979-ல் ஃபெடரல் மூடப்பட்ட பிறகு அச்சுகள் இண்டியானா கிளாஸ் என்ற நிறுவனத்தின் கைக்குப் போயின. அவர்கள் அந்த எண்ணை நீக்கிவிட்டு இளஞ்சிவப்பு, நீலம் என்று வார்த்துத் தள்ளினார்கள். நீங்கள் அனுப்பியது அதில் ஒன்று.

இரண்டாவது, அம்பர் தட்டு. இதில் ‘76’ அப்படியே இருக்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். உங்கள் படத்தில் சரியாக அந்த இடத்தில்தான் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது.

மூன்றாவது, நீள்வட்டப் பச்சைப் பரிமாறும் கிண்ணம். புற ஊதா விளக்கில் பச்சையாக ஒளிர்கிறது. யுரேனியம் கலந்த கண்ணாடி என்பதில் சண்டை இல்லை. (ஒளிர்வதை மட்டும் வைத்துப் பழையது என்று எழுதாதீர்கள். யுரேனியக் கண்ணாடி பிற்காலத்திலும் தயாரானது.) குறை வேறு. வந்தபோது பளபளவென்று இருந்தது. தொட்டால் விரலில் எண்ணெய்ப் பிசுக்கு. பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்தேன். காய்ந்ததும் உட்புறம் முழுக்க வெண்மூட்டம். உப்புநீர்க் கறையாக இருக்குமோ என்று வெள்ளை வினிகரில் ஓர் இரவு ஊற வைத்தும் போகவில்லை. கறை என்றால் வினிகரில் கரைந்திருக்கும். இது கண்ணாடியின் மேற்பரப்பே அரிக்கப்பட்ட ‘சிக் கிளாஸ்’. பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் திரும்பத் திரும்பப் போட்டால், சூடும் சோப்புத்தூளின் காரமும் சேர்ந்து இப்படி அரித்துவிடும். வீட்டில் சரிசெய்ய முடியாது. ஈரத்திலும் எண்ணெயிலும் மூட்டம் மறையும். அதனால்தான் எண்ணெய் பூசியிருக்கிறது.

குமிழிகள், அச்சின் தையல் கோடு, வைக்கோல் கீறல் போன்ற மெல்லிய வரி இவற்றைப் பற்றி எனக்குப் புகாரே இல்லை. ஓட்ஸ் பெட்டியிலும் சினிமாக் கொட்டகையிலும் இலவசமாகக் கொடுத்த மலிவுக் கண்ணாடியில் அவை இருக்கத்தான் செய்யும். ஆனால் வெண்ணெய்ப் பாத்திரத்தின் மூடியை அடித்தட்டின் மேல் அப்படியே கவிழ்த்து ஒரே சுற்றில் கட்டியதால் விளிம்பு சில்லு போயிருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகச் சுற்றியிருக்க வேண்டும்.

எனவே மூன்றின் விலையையும், வந்த கூரியர் செலவையும் திருப்பித் தாருங்கள். திருப்பி அனுப்பும் செலவும் உங்களுடையதே. ‘76’ தெரியும் படம், கழுவுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த கிண்ணத்தின் படங்கள், உடைந்த விளிம்பு, பெட்டியைத் திறந்தபோது எடுத்த படம் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். உங்கள் விற்பனைப் பக்கத்தில் அதே விவரத்துடன் இன்னும் இரண்டு இளஞ்சிவப்பு வெண்ணெய்ப் பாத்திரங்கள் விற்பனைக்கு இருக்கின்றன. அவற்றின் தலைப்பை ‘ரீகலெக்‌ஷன், இண்டியானா கிளாஸ்’ என்று மாற்றிவிட்டுப் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்