ஓர் ஆணியைத் திருப்பி அனுப்பக் கோரி

நம் சங்கத்தின் சுற்றுலாக் குழுவினருக்கு,

வணக்கம். போடிக்குப் போய் வந்து இரண்டு வாரமாகிறது. ("நாயக்கனூரா?" என்று இன்னும் கேட்பவர்களுக்கு: இல்லை, கலிஃபோர்னியாவில் தங்கம் எடுத்து ஓய்ந்து, ஆளெல்லாம் காலிசெய்துவிட்டுப் போன பேயூர்.) நடந்தது உங்களுக்குத் தெரியும்: நம்மோடு வந்த தம்பி ஒருவர் அங்கிருந்து ஓர் ஆணியை எடுத்து வந்துவிட்டார். வாட்ஸப்பில் படமே வந்தது. உள்ளங்கையில் ஓர் ஆணி, சதுரத் தண்டு, கைரேகை முழுக்கச் செந்துரு. கீழே முப்பது இதயக்குறிகள். திருப்பி அனுப்பிவிடலாமே என்று அன்றே கேட்டேன். "ஒரு ஆணிக்கு இவ்வளவு பேச்சா சார்?" என்று பதில் வந்தது. அடுத்த செய்தி பிரியாணிக் கணக்கு.

ஓர் ஆணிதான். 1880 வாக்கில் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த ஊர். 1932-இல் பிடித்த தீ பெரும்பகுதியைத் தின்றது போக, மிச்சம் நூற்றுச் சொச்சம் மரக் கட்டடங்கள். 1962-இல் மாநிலப் பூங்காவானதிலிருந்து அவற்றுக்குப் புதுப்பூச்சு கிடையாது. விழாமல் முட்டுக்கொடுத்து, கூரையை ஒக்கிட்டு, சாய்ந்தது சாய்ந்தபடியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பூன் கடையின் ஜன்னலில் மூக்கை ஒட்டிப் பார்த்தோமே, டப்பாக்கள் அலமாரியிலேயே இருக்கின்றன. தூசியைக்கூடத் துடைப்பதில்லை. அங்கே ஒரு கொட்டகைப் பலகையிலிருந்து ஆட்டி ஆட்டிப் பிடுங்கிய ஆணி இது. "கீழே கிடந்தது" என்கிறார் தம்பி. கிடக்கட்டுமே! கிடப்பதைப் பார்க்கத்தானே கடைசி மூன்று மைல் மண்சாலையில் முதுகொடியப் போனோம்?

1882-இல் கட்டிய மெதடிஸ்ட் தேவாலயத்தில் பத்துக் கட்டளைகள் எழுதிய துணி ஒன்று தொங்கியது. 'களவு செய்யாதிருப்பாயாக' என்பதும் அதில் அடக்கம். அதையே களவாடிவிட்டார்கள். நாம் கடைசி ஆளில்லை என்பது ஆறுதலாகாது.

அருங்காட்சியகத்தில் மன்னிப்புக் கடிதங்களைப் படித்தோம். எடுத்துப்போன நாள் முதல் கஷ்டத்துக்கு மேல் கஷ்டம், தயவுசெய்து திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்று எவரெவரோ கெஞ்சியிருந்தார்கள். நாம் படித்துச் சிரித்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை, ஆணி பைக்குள் போய்விட்டது. சாபத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர்கள் நம்பினால் நல்லது.

செஞ்சிக் கோட்டைச் சுவரில் பெயரைக் கீறி அம்பு விடும் பழக்கம் விசா வாங்காமலே நம்மோடு வந்துவிட்டது போலும். பொங்கல் மேடையில் தொன்மை, பாரம்பரியம் என்று முழங்குவோம். அடுத்தவன் ஊர்ப் பழமை என்றால் கீசெயினுக்கு ஆகும்.

மன்னியுங்கள், கோபத்தில் எங்கோ போய்விட்டேன். கேட்பது ஒன்றுதான்: அந்த ஆணியைத் திருப்பி அனுப்புங்கள். எந்தக் கொட்டகை, எந்தப் பக்கத்துப் பலகை என்று நினைவிருக்கும்போதே ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். இடம் தெரியாத ஆணியை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? அடுத்த பயணத்தில் வேனை விட்டு இறங்குமுன், குழந்தைகளிடமும் பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

தபால் செலவை நான் தருகிறேன். பிரியாணிக் கணக்கில் என் பாக்கியோடு சேர்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
கடைசி வேனில் வந்தவன்