செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தாக்கல் செய்வார். நம் பராமரிப்பில் உள்ள பிணவறையின் குளிர் அறைக்குப் புதிய அடுக்குகளைத் தேர்ந்தெடுத்ததே இவ்வாண்டின் பெரும்பணி.

எத்தனை உடல்களை வைக்க முடியும் என்றுதான் பேச்சு தொடங்கியது. பணியாளர்களை அழைத்துக் கேட்டபின் கேள்வியே மாறிவிட்டது. உச்சித் தட்டிலிருந்து ஓர் உடலை இருவர் எப்படி இறக்குவார்கள்? தோளுக்கு மேல் கையை நீட்டி அவ்வளவு எடையை இழுத்தால் முதுகு தாங்காது. தட்டு நழுவினாலோ, இறந்தவருக்கு நேரும் அவமதிப்பை எந்த மன்னிப்பும் ஈடுசெய்யாது. ஆகவே நான்கு அடுக்கு வேண்டாம், மூன்றே போதும் என்று முடிவு செய்தோம். கூடவே ஹைட்ராலிக் தூக்கியும் கட்டாயம். அதன் மேடையும் அடுக்கின் உருளைகளும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும்; விரற்கடை ஏற்றத்தாழ்வு இருந்தாலும் தட்டின் விளிம்பு முட்டிக்கொள்ளும்.

தட்டை நீளவாக்கில் இழுக்கும் அடுக்கு குறைந்த சுவரில் அதிக உடல்களைக் கொள்ளும். ஆனால் முன்னால் ஏறக்குறைய இரண்டு மீட்டர் இடம் காலியாக இருந்தாக வேண்டும். நம் அறை ஒடுங்கி நீண்டது. அதனால் தட்டைப் பக்கவாட்டில் எடுக்கும், முன்பக்கத் தூண் இல்லாத வகையே பொருந்தியது.

வண்ணம் பூசிய இரும்பு விலை குறைவு என்றார்கள். பூச்சு பெயர்ந்த இடத்தில் துரு ஏறும், துருவில் கிருமி தங்கும் என்பதால் மறுத்துவிட்டோம். சட்டகத்துக்கு 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், தட்டுகளுக்குக் குளோரினை இன்னும் நன்றாகத் தாங்கும் 316. அதிலும் பிளீச்சிங் கரைசலை அப்படியே காயவிடக் கூடாது. நல்ல தண்ணீரால் கழுவித் துடைக்க வேண்டும்.

பெரிய உடல்களுக்குக் கீழ் அடுக்கில் ஓர் அகலத் தட்டும், குழந்தைகளுக்குத் தனிச் சிறு தட்டும் கேட்டிருக்கிறோம். இரண்டாவதைக் கேட்டவர் நம் மூத்த பணியாளர். பெரியவர்களின் தட்டில் ஒரு குழந்தையைக் கிடத்திப் பெற்றோரிடம் காட்டுவது தம்மால் முடியவில்லை என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை.

முதலில் வந்த வரைபடத்தில் மேல்தட்டு குளிர்விசிறியை மறைத்திருந்தது, திருத்தச் சொன்னோம். காற்று சுற்றாவிட்டால் 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் என்பது கருவியில் மட்டுமே தெரியும், உடல்களை எட்டாது.

வெப்பநிலை எச்சரிக்கை மணியும், கதவை உள்ளிருந்து திறக்கும் கைப்பிடியும் இன்னும் பொருத்தப்படவில்லை. இவற்றுக்கான செலவை இன்றே அனுமதித்து, அறிக்கையை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்