தடைக்காலத்தில் தூங்கும் ரெகுலேட்டர்

மண்டபம்,
மே மாதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை அம்மாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். இங்கே எல்லோரும் நலம். மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் விசைப்படகுகள் கரையோரம் கட்டிக் கிடக்கின்றன. ஜூன் 14 வரை, 61 நாள்.

போன தடைக்காலத்தில் மைத்துனர் படகில் கசிவு நீர் இயந்திரத்தின் அடிவரை ஏறிவிட்டது. நான் பொருத்திய எச்சரிக்கைப் பெட்டி கத்தவே இல்லை. பேட்டரி வற்றியிருந்தது. தேடியபோது சிக்கியது 7805 ரெகுலேட்டர், பேட்டரியின் 12 வோல்ட்டைச் சென்சாருக்காக 5 வோல்ட்டாகக் குறைக்கும் மூன்று கால் சிப். எதையும் இணைக்காவிட்டாலும் அது தன் தரைக் கால் வழியே சுமார் 5 மில்லி ஆம்பியர் குடித்துக்கொண்டே இருக்கும். 61 நாளுக்கு 1464 மணி நேரம், பெருக்கினால் 7.3 ஆம்பியர் மணி. பெட்டிக்குள் இருந்ததோ 7 ஆம்பியர் மணி பேட்டரி. என்னை நம்பிப் படகை விட்டுப்போன மனிதரிடம் அந்தக் கணக்கைச் சொல்வதற்குள் நா வறண்டுவிட்டது.

இப்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு விநாடி மட்டும் ரெகுலேட்டரையும் நீர்மட்ட சென்சாரையும் விழிக்க வைக்கிறேன். நேரம் பார்க்கும் சிறு சிப்புக்குத் தனியாக 3.3 வோல்ட், அது சில மைக்ரோ ஆம்பியரில் ஓடுகிறது.

முதலில் தரைக் காலில் டிரான்சிஸ்டரை வைத்து அறுத்துப் பார்த்தேன். நீ அதை மட்டும் செய்துவிடாதே. தரை அறுந்தால் ரெகுலேட்டர் அணையாது. எதற்கு மேல் 5 வோல்ட் என்ற பிடிமானத்தைத்தான் இழக்கும். மீட்டர் முள் 11 வோல்ட்டுக்குப் போனது, சென்சார் கருகியது.

அறுக்க வேண்டியது நுழைவாயிலில். மின்சாரத்தை விட்டும் நிறுத்தியும் சுவிட்ச் போல வேலை செய்யும் பி-சேனல் மாஸ்ஃபெட் ஒன்று. மின்சாரம் நுழையும் சோர்ஸ் கால் பேட்டரியின் பிளஸ்ஸில், வெளியேறும் டிரெய்ன் கால் 7805இன் உள்ளீட்டில். கட்டுப்படுத்தும் கால் கேட், அது சோர்ஸை விடத் தாழ்ந்தால் மாஸ்ஃபெட் மின்சாரத்தை விடும். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர். சிப்பின் 3.3 வோல்ட் கேட்டை நேராக அணைக்க முடியாது. 12 வோல்ட் சோர்ஸுக்கு முன் அதுவும் தாழ்வுதான், மாஸ்ஃபெட் மின்சாரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் நடுவில் பிசி 547 என்ற சிறு டிரான்சிஸ்டர். அதன் கட்டுப்பாட்டுக் காலான பேஸை 10 கிலோ ஓம் வழியே சிப் தொட்டால் அது கேட்டைத் தரைக்கு இழுக்கிறது. விட்டால் ரெசிஸ்டர் கேட்டை மேலே தூக்கி எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறது.

அந்த ரெசிஸ்டருக்கு 100 கிலோ ஓம் போடத்தான் நாம் படித்தோம். வீட்டு மேசையில் சரியாக வேலை செய்தது. படகில் நான்கு நாள் இருந்த பிறகு அணைந்த நிலையிலும் சென்சார் விளக்கு மங்கலாக எரிந்தது. பலகையைத் தொட்டேன், விரலில் பிசுபிசுப்பு. உப்பு ஈரம் கேட்டிலிருந்து தரைக்கு ஒரு கள்ள வழி போட்டிருந்தது, அதை மீறிக் கேட்டை முழுதாக மேலே தூக்க 100 கிலோ ஓமுக்கு வலுவில்லை. பிரஷ்ஷால் கழுவிக் காயவைத்து, 10 கிலோ ஓமுக்கு மாற்றி, வார்னிஷ் பூசினேன். அணைந்திருக்கும்போது அதில் மின்னோட்டமே இல்லை, எனவே குறைந்த மதிப்பால் நட்டமில்லை. எரியும் ஒரு விநாடிக்கு மட்டும் 1.2 மில்லி ஆம்பியர்.

பதினெட்டு நாளாகப் பேட்டரி 12.6 வோல்ட்டிலேயே நிற்கிறது. தினமும் மாலையில் போய் அளந்துவிட்டு வருகிறேன். ஜூன் 14 அன்று நீயும் வா. அன்றைய அளவை நீயே மீட்டர் வைத்துப் பார்.

உன்
பழைய பெஞ்சுத் தோழன்