அந்த இரண்டரை மணி நேரத்தை மீட்டுத் தந்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

2004 டிசம்பர் 26, இந்திய நேரம் காலை 6.29. சுமத்ராவின் வடமேற்கே கடலடியில் பூமி முறிந்தது. சோழமண்டலக் கரையில் அலை ஏறியபோது மணி ஒன்பதை ஒட்டியிருந்தது. நடுவே ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த நேரம் யார் கையிலும் இல்லை. இன்று அதைக் கரைக்கு மீட்டுத் தந்துகொண்டிருப்பவர்களுக்கு, கடலோர ஊர்களில் சுனாமிப் பயிற்சி நடத்தும் நாங்கள் எழுதும் நன்றி மடல் இது.

முதல் நன்றி, துறைமுகங்களில் கடல்மட்டம் ஏறி இறங்குவதைப் பதியும் நீர்மட்டமானிகளைப் பராமரித்த ஊழியர்களுக்கு. பூமியின் மேலோட்டுத் துண்டுகளில் ஒன்றான இந்தியத் தட்டு, பர்மா சிறுதட்டின் அடியில் நுழையும்போது சிக்கிக்கொள்கிறது. மேலே இருக்கும் தட்டின் விளிம்பும் அதோடு சேர்ந்து கீழே இழுபட்டு வளைகிறது. அன்று அந்தச் சிக்கல் 1,200 கி.மீ.க்கும் அதிகமான நீளத்துக்கு அவிழ்ந்தது. மேற்குப் பக்கம் கடலடி சில மீட்டர் எழும்பியது, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. மேலிருந்த நீரும் அப்படியே ஏறி இறங்கியது. அதனால்தான் தாய்லாந்தில் கடல் முதலில் உள்வாங்கியது. நம் கரையிலோ எடுத்த எடுப்பிலேயே நீர் ஏறியது. சென்னை நீர்மட்டமானியின் பதிவு இதைக் காட்டியிராவிட்டால், ‘கடல் உள்வாங்கினால் ஓடுங்கள்’ என்ற பாதிப் பாடத்தையே இன்னும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருப்போம். உள்வாங்கினால் ஓடத்தான் வேண்டும். ஆனால் உள்வாங்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அடுத்து, ஆழ்கடல் மிதவைகளைப் பராமரிக்கும் தொழில்நுட்பப் பணியாளர்களுக்கு. 4,000 மீட்டர் ஆழத்தில் சுனாமி மணிக்கு 700 கி.மீ. வேகத்தில் போகிறது. ஆனால் அங்கே அதன் உயரம் மிகக் குறைவு. அன்று வங்கக் கடலுக்கு மேலே கடந்த ஜேசன்-1 செயற்கைக்கோள் அளந்தது ஏறத்தாழ 60 செ.மீ.தான். கப்பலில் இருப்பவருக்குத் தெரியாது. கரையருகே 10 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது வேகம் 36 கி.மீ.யாகக் குறைகிறது, முன்னால் போகும் நீர் தயங்க, பின்னால் வருவது அதன்மேல் ஏறிக் குவிகிறது. குவிவதற்கு முன்பே அதைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி, கடலடியில் அழுத்தமானியை வைத்து மேலே நிற்கும் நீரின் எடையை அளப்பது. ஒரு சென்டிமீட்டர் ஏற்றத்தையும் அது உணரும். அந்தத் தகவல் ஒலியாக மிதவைக்கும், மிதவையிலிருந்து செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கும், ஐதராபாத்தில் 2007 முதல் இயங்கும் எச்சரிக்கை மையத்துக்கும் போகிறது. பேட்டரி மாற்ற வேண்டுமென்றால் கப்பலோடு அந்த இடத்துக்கே போக வேண்டும். மேலிருந்து ஒலிக் கட்டளை கொடுத்து நங்கூரத்தைக் கழற்றி, கருவி தானாக மிதந்து வரும்வரை காத்திருந்து, புது நங்கூரம் கட்டி மறுபடி இறக்க வேண்டும். ஆடும் கப்பல்தளத்தில் நடக்கும் இந்த வேலையைக் கரையில் யாரும் பார்ப்பதில்லை.

2012 ஏப்ரல் 11-ஐ நினைத்துப் பாருங்கள். அதே பகுதியில் 8.6 அளவு நிலநடுக்கம். தட்டுக்குள்ளேயே பாறைகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன, கடலடி பெரிதாக எழும்பவில்லை, பேரலையும் இல்லை. அதிர்வை மட்டும் வைத்து இதைச் சொல்லி முடிக்க முடியாது. கடல்மட்ட அளவீடு வேண்டும். வீணாக ஊரைக் கிளப்பினால் அடுத்த முறை யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

அந்த மிதவைகளைத் தொடாமல் விடும் மீனவர்களுக்கு எப்படி நன்றி சொல்ல! மிதவையின் நிழலில் மீன் அடையும் என்பது கடலுக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். அதில் படகைக் கட்டினாலோ வலை சிக்கினாலோ சங்கிலி இழுபடும், ஆன்டெனா உடையும், தகவல் நின்றுபோகும். கண்ணெதிரே மீன் இருந்தும் விலகிப் போகிறவர் ஒரு நாள் பாட்டை விட்டுக்கொடுக்கிறார்.

சுனாமி நீர் நின்ற உயரத்தில் வீட்டுச் சுவரில் படிந்த சேற்றுக் கோடு அழியாமல் விட்டுவைத்து, அளவெடுக்க வந்தவர்களுக்குக் காட்டிய குடும்பங்களுக்கும் நன்றி. வெளிச்சுவர்க் கோட்டில் நீர் தெறித்த உயரமும் கலந்துவிடும். அறைக்குள் இருக்கும் கோடுதான் நம்பகமானது. தரையிலிருந்து அந்தக் கோடு வரை ஒரு அளவு, கடல்மட்டத்திலிருந்து தரை வரை இன்னொரு அளவு. இரண்டையும் கூட்டினால் அந்த இடத்தில் நீர் எட்டிய உயரம். எந்தத் தெரு வழியாக ஓடலாம், எந்த வாய்க்கால் வழியாகத் தண்ணீர் முந்திக்கொள்ளும் என்ற வரைபடம் இப்படிப்பட்ட கோடுகளிலிருந்து வந்தது. உறவை இழந்த வீட்டில் அந்தக் கோட்டைத் தினமும் பார்ப்பது லேசான காரியமல்ல.

புதுச்சேரி நல்லவாடு மக்களுக்குத் தனி வணக்கம். சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்ததும், ஊரின் தகவல் நிலையமான அறிவு மையத்தின் கதவை உடைத்து ஒலிபெருக்கியில் அறிவித்து ஊரையே வெளியேற்றினீர்கள். உங்களால்தான் நாங்கள் போகும் ஊரிலெல்லாம் முதலில் கேட்பது: மைக் அறையின் சாவி யாரிடம்? இரண்டு வீட்டில் இருக்க வேண்டும். கரண்ட் போனாலும் ஓட பேட்டரி வேண்டும். ஒத்திகையில் நேரத்தைக் கணக்கிடுவது ஊரிலேயே மெதுவாக நடக்கும் பாட்டியின் நடையை வைத்து. அலைகளுக்கு இடையே இருபது நிமிடமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். முதல் அலை வடிந்ததும் படகைப் பார்க்கத் திரும்புவதுதான் உயிரை வாங்கும். கடலில் இருப்பவர்கள் 100 மீட்டர் ஆழத்துக்கு, அதாவது 55 பாகத்துக்கு, அப்பால் போய் நில்லுங்கள். கரையில் இருப்பவர்கள் படகை விட்டுவிடுங்கள்.

இந்தோனேசியாவின் சிமெலூ தீவுக்கு அன்று கிடைத்தது பத்து நிமிட அளவுதான். 1907 சுனாமியில் பட்டதை ‘ஸ்மோங்’ என்ற ஒரே சொல்லில் வைத்துப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். பூமி குலுங்கியதும் மலையேறினார்கள். ஏறத்தாழ 78,000 பேரில் இறந்தவர்கள் 7 பேர். அந்தப் பாட்டி தாத்தாக்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

அலை போனபின் உழைத்தவர்கள் பலர். நாகை வயல்களில் படிந்த உப்புச் சேற்றைச் சுரண்டி எடுத்து, வடிகால் வெட்டி, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதவர்களுக்கு நன்றி. மட்டக்களப்பில் கிணறுகளை மாதக்கணக்கில் அளந்தவர்களுக்கும் நன்றி. மணற்பாங்கான கரையில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. உப்பு போகட்டும் என்று மோட்டார் வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தால் அடியிலிருக்கும் உப்புத் தண்ணீர் மேலே ஏறும். சேற்றையும் குப்பையையும் எடுக்க மெதுவாக இறைத்துவிட்டு மழைக்கு விட்டுவிட வேண்டும். இப்போது எங்கள் பயிற்சியின் கடைசி அரைமணி நேரம் கிணற்றடியில்தான் நடக்கிறது.

நன்றியுடன்,
கடலோரச் சுனாமிப் பயிற்சிக் குழுவினர்